குதிரையும் கோழியும் ஒரே கொட்டாய்ல: எந்த அறிகுறிக்கு எங்க போய் பாக்கணும்

குதிரை ரெண்டு, கோழி பதினாறு, எல்லாம் ஒரே கொட்டாய் ஒரே முற்றம்னு வளக்குறேன். இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, குதிரைக்கு ஏதாச்சும் ஆனா கோழி பக்கம் போய் பாக்கணும், கோழிக்கு ஏதாச்சும் ஆனா குதிரை பக்கம் போய் பாக்கணும். எல்லா நேரமும் இல்ல, ஆனா தலைய பிச்சுக்கிட்டு உக்காந்த பாதி நேரம் விஷயம் அங்கதான் இருந்துச்சு. தீவன ரூம் கதவு, புல்லுக்கட்டு, தண்ணித் தொட்டி, கோழி ராத்திரி ஏறி உக்கார்ற கம்பு, இந்த நாலையும் ஒரு சுத்து பாத்துட்டு அப்புறமா மத்ததை யோசிங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. உங்க குதிரை நல்லா இருக்குற நாள்ல அதோட நம்பரை எல்லாம் ஒரு அட்டைல எழுதி லாயத்துல மாட்டுங்க. பெரிய குதிரைக்கு சும்மா நிக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் இருக்கும், மூச்சு 8ல இருந்து 16, ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சு பாத்தா சூடு 37.2ல இருந்து 38.3 டிகிரி செல்சியஸ். ஈறு இளஞ்சிவப்பா ஈரமா இருக்கணும், விரலால அமுக்கி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பி வரணும். நாடிய இடது முன்னங்கால் நெஞ்சோட சேர்ற இடத்துல, முழங்கை மூட்டுக்குப் பின்னாடி ஸ்டெதஸ்கோப் வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கிக்கலாம். டாக்டருக்கு போன் போட்டு "ஒரு மாதிரி இருக்குங்க"ன்னு சொல்றதுக்கும் "நாடி 64, ஈறு வெளிறிருக்கு"ன்னு சொல்றதுக்கும் அவர் வண்டி எடுக்குற வேகத்துலயே வித்தியாசம் தெரியும்.

தீவன ரூம் கதவு திறந்து கிடக்கு, கோழித்தீவன மூட்டை கிழிஞ்சிருக்கு, குதிரை ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது

இதை முதல்ல வச்சதுக்கு காரணம், இங்க அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே ஓடணும். குதிரை நல்லாத்தானே இருக்குன்னு காலைல வரைக்கும் காத்திருந்தா லேட்டாகிடும்.

இதுல ஆபத்து ரெண்டு இருக்கு. ஒண்ணு, சில கோழித்தீவனத்துல, அதுவும் குஞ்சுத்தீவனம் கறிக்கோழித்தீவனத்துல, ரத்தக்கழிச்சல் வராம இருக்க மருந்து கலந்திருப்பாங்க. மூட்டைல தச்சிருக்குற சீட்டைப் படிங்க, மோனென்சின், சாலினோமைசின், லாசலோசிட் இப்படி ஏதாவது பேர் இருக்கான்னு பாருங்க. இது கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம். மோனென்சினை எடுத்துக்கிட்டா கோழி சாகுறதுக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 200 மில்லிகிராம் கிட்ட தேவைப்படும், குதிரைக்கு 2ல இருந்து 3 மில்லிகிராமே போதும். நேரா இதயத் தசையைத் தாக்கும். வேர்க்கும், திங்காது, தள்ளாடும், நாடி தாறுமாறா ஓடும், மூத்திரம் கருஞ்சிவப்பா போகலாம். மாத்து மருந்து கிடையாது. பொழச்ச குதிரைக்குக்கூட பல மாசம் கழிச்சு இதயக் கோளாறு தெரிய வரலாம், அதனால டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சவாரி வேண்டாம்.

ரெண்டாவது, சீட்டுல அந்த மருந்து இல்லன்னாலும் அவ்வளவு தானியத்தை ஒரே மூச்சுல தின்னா வயித்துவலி வரும், அதோட குளம்புக்குள்ள வீக்கம் வரும், அதான் லாமினைட்டிஸ். இந்தக் குளம்பு விஷயம் உடனே தெரியாது, ஒண்ணுல இருந்து மூணு நாள் கழிச்சுதான் தெரியும்.

செய்ய வேண்டியது: மூட்டைச் சீட்டைக் கிழிச்சு கைல வச்சுக்கிட்டு, எவ்வளவு காணோம்னு கணக்குப் போட்டு டாக்டருக்கு அப்பவே போன். அவர் வர்ற வரைக்கும் தானியம் எதுவும் காட்டாதீங்க, நடக்க வைக்காதீங்க. சீக்கிரம் வந்தா மூக்கு வழியா குழாய் விட்டு வயித்துக்குள்ள கரி மருந்தோ எண்ணெயோ ஊத்த வாய்ப்பு இருக்கு. குளம்பை ஐஸ்ல வைக்கவும் சொல்லலாம், அது வலி வந்த அப்புறம் செய்யறதை விட முன்னாடியே செஞ்சாதான் பலன் அதிகம்.

என் பெரிய குதிரை உதட்டாலயே தாழ்ப்பாளைத் தள்ளக் கத்துக்கிச்சு. மூணு நாளா நான்தான் பூட்ட மறந்துட்டேன்னு வீட்ல என்னை எல்லாரும் திட்டிக்கிட்டு இருந்தாங்க, நாலாவது நாள்தான் அது பண்றதைக் கண்ணால பாத்தேன். இப்ப கொக்கி ஒண்ணு, சங்கிலி ஒண்ணு, தீவனம் பூரா மூடி இறுக்குற டிரம்ல. இதோட நிக்காம, மருந்து கலக்காத குஞ்சுத்தீவனம் கிடைச்சா அதையே வாங்குறேன், ஏன்னா பூட்டு ஒருநாள் மறந்து போகும்னு எனக்கு என்னைப் பத்தியே தெரியும்.

குதிரை திங்கல, விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, முன்னங்காலால தரையைத் தோண்டுது

வயித்துவலி, டாக்டருங்க கோலிக்னு சொல்வாங்க. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதனால உள்ள போனது கீழ்ப்பக்கமாத்தான் வெளிய வந்தாகணும். முதல்ல தீவனத்தை எடுத்துடுங்க. தரையைப் பாருங்க, லத்தி எத்தனை குவியல் கிடக்கு, ராத்திரில இருந்து ஒண்ணுமே போடலயா, போட்டதும் சின்னச் சின்னதா காஞ்சு இருக்கா. வயித்துல ரெண்டு பக்கமும் காதை வச்சு கேளுங்க, கடமுடன்னு சத்தம் கேக்கணும், அமைதியா இருந்தா அது கெட்ட சேதி. நாடி 60க்கு மேல போய் இறங்காம நின்னா அவசரம்.

சும்மா படுத்திருந்தா படுக்க விடுங்க. உருண்டு அடிச்சுக்கிட்டா மட்டும் எழுப்பி மெதுவா நடத்துங்க, அதுக்காக மணிக்கணக்கா நடத்திக் களைப்பாக்க வேண்டாம். வாய் வழியா எண்ணெய் ஊத்துறது மட்டும் கூடவே கூடாது, யார் சொன்னாலும் சரி, அது நுரையீரலுக்குப் போனா வயித்துவலியோட நிமோனியாவும் சேந்துக்கும். வலி ஊசியும் டாக்டரைக் கேக்காம போடாதீங்க, வலி அடங்கிட்டா உள்ள குடல் முறுக்கி இருக்கான்னு கண்டுபிடிக்கறது கஷ்டம்.

அப்புறம் காரணத்தைத் தேடும்போது தண்ணியை மறந்துடாதீங்க. பெரிய குதிரை ஒரு நாளைக்கு 25ல இருந்து 45 லிட்டர் வரைக்கும் குடிக்கும், வெயில் காலத்துல இன்னும் கூட. குளிர் காலத்துல தண்ணி சில்லுன்னு இருந்தா குடிக்கறது கொறஞ்சு, காஞ்ச புல்லு உள்ள கெட்டியாகி அடைச்சுக்கும். தொட்டி விளிம்புல கோழி உக்காந்து எச்சம் போட்டு வச்சிருந்தாலும் சில குதிரை மோந்து பாத்துட்டு திரும்பிடும். என் சின்னக் குதிரை அப்படித்தான், அழுக்குத் தண்ணி குடிக்கறதுக்கு பதில் பட்டினி கிடக்கும், அவ்வளவு ரோஷம்.

மூக்கு வழியா மென்ன தீவனமும் எச்சிலும் வருது

பாத்தா உயிரே போய்டும் போல பயமா இருக்கும், ஆனா இது உணவுக்குழாய்ல அடைப்பு, மூச்சுக்குழாய் திறந்துதான் இருக்கு. தீவனம், புல்லு, தண்ணி எல்லாத்தையும் எடுத்துடுங்க, தலையைத் தாழ்த்தி வச்சு அமைதியா நிக்க விடுங்க, டாக்டருக்கு சொல்லுங்க. வாய்க்குள்ள ஹோஸ் பைப் விடாதீங்க. அடைப்பு தானா விலகிட்டாலும் சொல்லணும், எச்சிலும் தீவனமும் நுரையீரலுக்குள்ள போயிருந்தா ரெண்டு நாள்ல காய்ச்சல் வரும்.

ஏன் வந்துச்சுன்னா, அவசர அவசரமா முழுங்குறது, இல்லன்னா பல்லு. மென்ன புல்லை உருண்டையா கீழ துப்புதான்னு பாருங்க, அப்படி துப்புனா பல்லு ஓரம் கூர்மையா வளந்திருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல்லைப் பாக்கச் சொல்லணும். அவசரக் குடுக்கைக்கு தீவனத்தை ஊற வச்சு குடுங்க, தொட்டில முழுங்க முடியாத அளவுக்கு பெரிய வழவழப்பான கல்லு நாலு போட்டு வச்சா நிதானமா திங்கும். எங்க வீட்டுல இந்த அவசரத்துக்கு காரணமே கோழிதான், பக்கத்துல வந்து கொத்தினதும் பங்கு போய்டும்னு இது அள்ளி அள்ளி முழுங்குச்சு. தானியம் வைக்கிற அரை மணி நேரம் கோழியை வெளிய விரட்டினேன், சரியாப் போச்சு.

குதிரை ராத்திரி பூரா காலை உதைக்குது, சொறிஞ்சுக்குது, பகல்ல பாத்தா ஒரு பூச்சி இல்ல

இதுக்கு நான் ஷாம்பு மாத்தினேன், வைக்கோலை மாத்தினேன், கொசுவலை போட்டேன், ஒரு மாசம் போச்சு. அதே மாசம் கோழிங்க கொண்டை வெளிறிப்போய், முட்டை கொறஞ்சு, சாயங்காலம் கூண்டுக்குள்ள போகவே மாட்டேன்னு மரத்துல ஏறி உக்காந்துச்சு. ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

கோழிச்செள்ளு, அதுல சிவப்பா இருக்குற வகை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பகல்ல பலகை இடுக்குல, ஆணி ஓட்டைல, கம்பு முனைல ஒளிஞ்சுக்கும், இருட்டினதும் வந்து ரத்தம் குடிச்சுட்டு திரும்பிப் போய்டும். கோழிக் கம்பு லாயத்துச் சுவரை ஒட்டி இருந்தா குதிரையையும் கடிக்கும், நம்மளையும் விடாது. கண்டுபிடிக்க சுலபமான வழி, ராத்திரி பத்து மணிக்கு மேல டார்ச்சும் வெள்ளை டிஷ்யூவும் எடுத்துட்டுப் போய் கம்புக்கு அடிப்பக்கம் தேய்ச்சுப் பாக்கறதுதான். ரத்தக்கோடு விழுந்தா அதேதான்.

கோழிக்கு மட்டும் பவுடர் போட்டு பிரயோஜனம் இல்ல, அது குடியிருக்குறது கட்டடத்துல. கம்பு எல்லாத்தையும் கழட்டி, இடுக்கு இடுக்கா சுரண்டி, கொதிக்கிற தண்ணி ஊத்தி, கோழிக்கூண்டுக்குன்னு அனுமதி இருக்குற மருந்து அடிச்சு, ஏழு நாள் கழிச்சு திருப்பியும் செய்யணும். சூடான நாள்ல முட்டைல இருந்து வளந்த செள்ளு ஆகுறதுக்கு ஒரு வாரம் போதும், அதனால ஒரு தடவை அடிச்சுட்டு விட்டா பொரிச்சு வர்ற அடுத்த கூட்டம் வேலையை ஆரம்பிச்சுடும். கூண்டைக் காலியா விட்டு பட்டினி போடலாம்னு நினைச்சா அதுவும் நடக்காது, ரத்தம் இல்லாமலே மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். நான் கடைசில கம்பையே லாயத்துல இருந்து தள்ளி வேற இடத்துக்கு மாத்திட்டேன்.

காலைக் கடிச்சுக்கறது பகல்லயும் நடந்தா, கணுக்காலுக்குக் கீழ முடி அடர்த்தியா இருக்குற குதிரைன்னா, அது வேற வகைச் சொறியா இருக்கலாம், டாக்டர் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கட்டும்.

முட்டை கொறஞ்சுபோச்சு

கோழி முட்டை போடலயா, இல்ல போட்டதை நீங்க பாக்கலயா? முதல்ல இதைத் தீத்துக்கோங்க. புல்லுக்கட்டு அடுக்குக்குப் பின்னாடி, குதிரை தீவனத்தொட்டி மூலைல, சேணம் வைக்கிற அலமாரில கூட பாத்திருக்கேன். கோழி கேறிக்கிட்டு எந்தப் பக்கத்துல இருந்து ஓடி வருதுன்னு ரெண்டு நாள் காதை வச்சுக் கேட்டா போதும். ஒளிச்சு வச்ச குவியல் கிடைச்சா தண்ணில போட்டுப் பாருங்க, மிதக்கறது பழசு, உள்ள காத்து அறை பெருசானதால மிதக்குது. எத்தனை நாள்னு தெரியாத குவியலை நான் சமையலறைக்கே கொண்டு போறதில்ல.

நிஜமாவே கொறஞ்சிருந்தா வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணுங்க. தொடர்ந்து முட்டை வரணும்னா ஒரு நாளைக்கு 14ல இருந்து 16 மணி நேர வெளிச்சம் வேணும், பகல் சுருங்குற மாசத்துல கொறையறது இயற்கை. இறகு உதிர்க்கற ரெண்டு மூணு மாசமும் அப்படித்தான், புரதம் பூரா புது இறகுக்குப் போகுது. அடை உக்காந்திருக்கா, வயசாச்சா, வெயில்ல வாயைப் பொளந்து இளைக்குதான்னும் பாருங்க. இதெல்லாம் இல்லன்னா எலி, பாம்பு, இல்லன்னா அதுங்களே கொத்திக் குடிக்குது, கூட்டுல மஞ்சக்கரு ஒட்டின வைக்கோல் இருக்கும்.

தோல் முட்டை வருது

எப்பவாவது ஒண்ணு வந்தா விடுங்க. தொடர்ந்து வந்தா சுண்ணாம்புச்சத்து. முட்டைக்கோழித் தீவனத்துல கால்சியம் 3.5ல இருந்து 4 சதவீதம் இருக்கணும், ஆனா உங்க கோழி குதிரை சிந்துற தானியத்தைப் பொறுக்கியே வயித்தை நிரப்பிக்கிட்டா அந்தத் தீவனத்தைத் தொடவே தொடாது. தானியத்துல கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. லாயத்தைக் காலைல கூட்டி விடுங்க, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்துல வைங்க, வேணும்ங்கறது தானா வந்து திங்கும். குஞ்சுங்க தீவனத்துல கலக்காதீங்க, சிறுநீரகம் கெடும். கடும் வெயில்லயும் ஓடு மெலிசாகும், இளைக்க இளைக்க ரத்தத்துல இருக்குற கரியமிலவாயு வெளிய போய்டுது, ஓடு செய்ய அது வேணும்.

கோழி கூனிக்கிட்டு நிக்குது, கழுத்துக்கீழ பந்து மாதிரி

கழுத்துக்கீழ தீனி சேர்ற இரைப்பைய காலைல தீவனம் வைக்கறதுக்கு முன்னாடி தொட்டுப் பாக்கணும், அப்ப காலியா இருக்கணும். சாயங்காலம் தொட்டா எல்லாக் கோழிக்கும் பந்து மாதிரிதான் இருக்கும், அதைப் பாத்து நான் ஒரு தடவை வீட்டையே ரெண்டாக்கிட்டேன். காலைலயும் கெட்டியா இருந்தா அடைப்பு, பெரும்பாலும் குதிரையோட நீளமான காஞ்ச புல்லு நாரா சுருண்டு கிடக்கும். கொழகொழன்னு இருந்து வாய்ல புளிச்ச நாத்தம் அடிச்சா உள்ள புளிச்சுப்போச்சு. தலைகீழாப் பிடிச்சு வாந்தி எடுக்க வைக்காதீங்க, மூச்சுக்குழாய்ல போய் செத்துடும். தீவனத்தை நிறுத்தி தண்ணி மட்டும் வச்சு, லேசா நீவி விட்டு ஒரு நாள் பாத்து, கரையலன்னா டாக்டர்.

கழுத்து தொங்குது, இல்லன்னா முறுக்கிக்குது

இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க. துணி மாதிரி தொங்கி, கால் விழுந்து, றெக்கை விழுந்து, இறகு இழுத்தா கைல வந்துச்சுன்னா பொட்டுலிசம்னு சந்தேகப்படணும். அழுகின பொணத்தையோ அதுல இருக்குற புழுவையோ தின்னிருக்கும். புல்லுக்கட்டுக்கு அடியில செத்த எலி இருக்கான்னு உடனே தேடுங்க, ஏன்னா அதே விஷத்துக்கு குதிரை ரொம்பவே பலவீனம், செத்த எலியோட சேத்துக் கட்டின ஒரு கட்டு புல்லே போதும். குதிரைக்கு நாக்கு தளர்ந்து தொங்கினா, முழுங்க முடியாம வாய்ல வச்சுக்கிட்டே நின்னா, அந்தக் கட்டை எல்லார் முன்னாடி இருந்தும் எடுத்துட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.

கழுத்து முறுக்கிக்கிட்டு வானத்தைப் பாத்தா, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சா, மூச்சுக்கு ஏங்கினா, அடுத்தடுத்து செத்தா அது வெள்ளைக்கழிச்சலா இருக்கலாம், பறவைக்காய்ச்சலாவும் இருக்கலாம். செத்ததை அறுத்துப் பாக்காதீங்க, யாருக்கும் கோழி குடுக்காதீங்க, அரசு கால்நடைத் துறைக்கு சொல்லுங்க. வளர்ற கோழி ஒரு காலை முன்னாடியும் ஒரு காலைப் பின்னாடியும் நீட்டிக்கிட்டு விழுந்தா மாரெக்ஸ், அதுக்கு வைத்தியம் இல்ல, பொரிச்ச அன்னைக்கே போடுற தடுப்பூசிதான்.

எச்சத்துல ரத்தம்

மூணுல இருந்து ஆறு வாரக் குஞ்சு, இறகை உப்பிக்கிட்டு தூங்கி வழியுதுன்னா ரத்தக்கழிச்சல். தண்ணில கலக்குற ஆம்ப்ரோலியம் மருந்து கேளுங்க, ஈரப் படுக்கையை மாத்துங்க, கிருமி ஈரத்துலயும் சூட்டுலயும் ஒண்ணு ரெண்டு நாள்ல தொத்துற நிலைக்கு வந்துடும். கோழிக்கு வர்ற இந்தக் கிருமி குதிரைக்குத் தொத்தாது, பயப்படாதீங்க. பெரிய கோழி எப்பவாவது போடுற கருப்பழுப்பா, பிசுபிசுன்னு, நாத்தமெடுக்குற எச்சத்தைப் பாத்தும் பயப்படாதீங்க, குடலோட ஒட்டி இருக்குற சீக்கம்ங்கற பைல இருந்து வர்றது, நார்மல்.

நொண்டல்

குதிரை நேத்து ஓடுச்சு இன்னைக்கு ஒரு காலை ஊணவே மாட்டேங்குதுன்னா, ஒடிஞ்சிருக்கும்னு நினைச்சு அழுறதுக்கு முன்னாடி குளம்பைத் தொட்டுப் பாருங்க. அந்த ஒரு குளம்பு மட்டும் சூடா, கணுக்கால் பின்னாடி நாடி துள்ளினா பெரும்பாலும் உள்ள சீழ் கட்டியிருக்கும். லாடம் அடிக்கிறவரோ டாக்டரோ திறந்து விட்டதும் அன்னைக்கே பாதி குணம் தெரியும். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு பாத்துக்கோங்க. முன்னங்கால் ரெண்டும் வலிச்சு, உடம்பைப் பின்னாடி சாய்ச்சுக்கிட்டு நின்னா அது லாமினைட்டிஸ், வயித்துவலிக்கு நடத்துன மாதிரி இதுக்கு ஒரு அடிகூட நடத்தாதீங்க, மெத்துன்னு தரை, ஐஸ், டாக்டர். அடில கருப்பா நாத்தம் மட்டும் அடிச்சா ஈரத்துல வர்ற அழுகல், தினம் சுரண்டி, படுக்கையைக் காய வச்சு, ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பை வெட்டி விட்டா போய்டும்.

கோழி நொண்டினா காலைத் தூக்கிப் பாருங்க. பாதத்துல கருப்பு மூடி மாதிரி இருந்தா உள்ள சீழ், ரொம்ப உயரமான கம்புல இருந்து குதிக்கறதால வரும், நல்லா வீங்கியிருந்தா நீங்களே கத்தி எடுக்காதீங்க. விரலைச் சுத்தி நூல் இறுகியிருக்கான்னு கண்ணாடி போட்டுக்கிட்டு பாருங்க. புல்லுக்கட்டு கட்டி வர்ற நைலான் கயிறு பிரிஞ்சு மயிரிழையாத் தரைல கிடக்கும், ரெண்டு நாள்ல விரலையே கறுக்க வச்சுடும். அறுத்த கயிறை அப்பவே பாக்கெட்ல போட்டுக்கோங்க. என் எல்லா பேன்ட் பாக்கெட்லயும் இந்தக் கயிறுதான் இருக்கு, துவைக்கிற மிஷின்ல இருந்து எடுத்து எடுத்து வீட்ல திட்டு விழுது.

குதிரைக்கு காய்ச்சலோட பேதி

புல்லுக்கட்டு மேல கோழி தூங்குதான்னு பாருங்க. எச்சம் விழுந்த புல்லுல சால்மொனெல்லாங்கற கிருமி இருக்கலாம், அது நமக்கும் வரும், அதனால கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, அந்தக் குதிரையைத் தனியா கட்டுங்க, அதுக்குன்னு தனி வாளி, தனி முறம், டாக்டர் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் நிறைய வைங்க. மிச்சம் இருக்குற கட்டு மேல தார்ப்பாய் போட்டு ஓரத்தைச் செங்கல் வச்சு அமுக்குங்க, சும்மா போட்டா கோழி அடியில புகுந்து அங்கயே முட்டை போட்டு வச்சிருக்கும்.